நகர மறுக்கும் எஸ்டி40-2: எச்ஓ டீசல் என்ஜின் மாடலில் அறிகுறியை வைத்துப் பழுது தேடுதல்

எஸ்டி40-2 என்பது அமெரிக்காவின் இஎம்டி நிறுவனம் 1972 முதல் கட்டிய சரக்கு ரயில் டீசல் என்ஜின். 3,000 குதிரைத்திறன், ஆறு அச்சு, ஏறத்தாழ 21 மீட்டர் நீளம். எச்ஓ அளவில் அதை 87 மடங்கு சுருக்கினால் 24 சென்டிமீட்டர் வரும். முன்னும் பின்னும் காலியாக நீளும் மேடைதான் இதன் அடையாளம். அமெரிக்க ரயில் ஆர்வலர்கள் அந்த மேடையைத் திண்ணை என்றே சொல்கிறார்கள். நல்ல மாடலில் அந்தத் திண்ணையைச் சுற்றி மயிரிழை போன்ற கைப்பிடிக் கம்பிகளும், காற்றுக் குழாய்களும், மணியும், ஹார்னும் தனித்தனியாக ஒட்டப்பட்டிருக்கும்.

ஒவ்வொரு முறை மேலோட்டைக் கழற்றும்போதும் இவற்றில் ஏதாவது ஒன்று ஒடியக்கூடும். அதனால்தான் இந்த வழிமுறை முழுவதையும் ஒரே கொள்கையின்மேல் எழுதுகிறேன்: என்ஜின் வெளியிலிருந்தே சொல்லக்கூடியதை எல்லாம் சொல்ல விட்டுவிட்டு, அதன்பிறகே திருப்புளியை எடுக்க வேண்டும். ஓடவில்லை என்றதும் மோட்டாரைச் சந்தேகிப்பது எல்லோருக்கும் வருகிற எண்ணம். நான் பார்த்த பழுதுகளில் மோட்டார் குற்றவாளியாக இருந்தது மிகக் குறைவு.

எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டு மாற்றுச் சோதனைகளைச் செய்யுங்கள். அதே இடத்தில் வேறொரு என்ஜினை வைத்துப் பாருங்கள். பிறகு இதே என்ஜினை வேறொரு தண்டவாளத் துண்டில், முடிந்தால் கண்ட்ரோலரோடு நேரடியாக இணைத்த ஒரு மீட்டர் நேர்த்துண்டில், ஓட்டிப் பாருங்கள். இரண்டு என்ஜின்களும் ஒரே இடத்தில் தடுமாறினால் பழுது தண்டவாளத்தில். ஓர் என்ஜின் மட்டும் எல்லா இடத்திலும் தடுமாறினால் பழுது என்ஜினில். இந்த ஐந்து நிமிடம் பல மாலைப் பொழுதுகளைக் காப்பாற்றும்.

அசைவில்லை, விளக்கில்லை, ஒலியில்லை

மின்சாரம் தண்டவாளம்வரை வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். சாதாரண டிசி அமைப்பில் குமிழை முழுவதும் திருப்பினால் 12 வோல்ட்டுக்கு அருகில் காட்ட வேண்டும். ஒவ்வொரு என்ஜினுக்கும் அதன் முகவரி எண்ணில் தனித்தனியாகக் கட்டளை அனுப்பும் டிசிசி அமைப்பில் மாறுமின் அளவீட்டில் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 14 வோல்ட். சாதாரண மல்டிமீட்டர் டிசிசி அலையைத் துல்லியமாகக் காட்டாது. ஆனால் இருக்கிறதா, இல்லையா என்பதற்கு அது போதும்.

டீகோடர் என்பது டிசிசி கட்டளையைப் படித்து மோட்டாரையும் விளக்கையும் இயக்கும், என்ஜினுக்குள் இருக்கும் சிறு மின்னணுப் பலகை. டிசி அமைப்பில் ஒலி டீகோடர் உள்ள என்ஜினை வைத்திருந்தால் அவசரப்பட வேண்டாம். டீகோடர் விழித்துக்கொள்ளவே ஆறேழு வோல்ட் தேவைப்படும். பாதிக் குமிழ்வரை எதுவும் நடக்காமல், பிறகு ஒலி வந்து, அதற்கும் பிறகு நகர்வது இயல்பான நடத்தை.

டிசிசியில் என்றால் முகவரிதான் முதல் சந்தேகம். புதிய டீகோடரின் முகவரி 3. வாங்கிய கடையிலோ முந்தைய உரிமையாளரோ அதை என்ஜினின் நான்கிலக்க எண்ணுக்கு மாற்றியிருக்கலாம். 3-ஐயும், ஓட்டுநர் அறையின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணையும் முயன்று பாருங்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் புரோகிராமிங் தண்டவாளத்தில், அதாவது டீகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் எழுதவும் தனியாக ஒதுக்கிய துண்டில், வைத்துப் படியுங்கள். அங்கே டீகோடர் தன் பதிலை மோட்டாருக்கு ஒரு சிறு துடிப்பு கொடுத்துத்தான் தெரிவிக்கிறது. ஆகவே சக்கரம் அழுக்காக இருந்தாலும் மோட்டார் கம்பி விட்டிருந்தாலும் படிக்க முடியாது. மின்தேக்கி இணைத்த என்ஜின்களில் அந்த மின்தேக்கியே பதிலைக் குழப்பிவிடுவதும் உண்டு.

ஒன்றும் தெரியாத நிலையில் டீகோடரை ஆலை அமைப்புக்குத் திருப்பலாம். பல தயாரிப்புகளில் சிவி 8-இல் 8 என்று எழுதினால் போதும். சிலவற்றில் சிவி 30-இல் 2 என்று எழுத வேண்டும். சிவி என்பது டீகோடரின் நினைவில் எண்ணிட்டு வைத்த அமைப்புகளில் ஒன்று. உங்கள் டீகோடருக்கு எது என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். திருப்பினால் முன்பு செய்த எல்லா மாற்றங்களும் அழியும்.

விளக்கும் ஒலியும் இருக்கின்றன, நகரவில்லை

ஒலி வருகிறது, ஹார்ன் ஊதுகிறது, விளக்கும் எரிகிறது. மின்சாரமும் முகவரியும் சரி என்பதை என்ஜினே சொல்லிவிட்டது. இங்கே பெரும்பாலும் காரணம் சிவி 19. இரண்டு மூன்று என்ஜின்களை ஒன்றாக இணைத்து ஓட்டும்போது அந்தக் கூட்டின் எண் இதில் பதிவாகும். கூட்டைப் பிரிக்க மறந்தால் என்ஜின் தன் சொந்த முகவரிக்கு வரும் வேகக் கட்டளையைச் செவிமடுக்காது. சிவி 19-இல் 0 எழுதுங்கள். உடனே நகரும்.

அதுவும் இல்லையென்றால் சிவி 3-ஐப் பாருங்கள். வேகம் எடுக்கும் நிதானத்தை அது கட்டுப்படுத்துகிறது. பெரிய எண் இருந்தால் நிஜ சரக்கு ரயில்போல நெடுநேரம் கழித்தே நகரத் தொடங்கும். ஒரு நிமிடம் காத்திருந்து பாருங்கள்.

மோட்டார் முனகுகிறது, சக்கரம் சுழலவில்லை என்றால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். சுழல முடியாத மோட்டார் மிக அதிக மின்னோட்டத்தை இழுக்கும்; டீகோடர் கருகிவிடும். டீகோடரே இல்லாத டிசி என்ஜினை டிசிசி தண்டவாளத்தில் வைத்தாலும் இதே முனகல் கேட்கும். அந்த என்ஜினை அங்கே நிறுத்தி வைக்கவே கூடாது. நின்ற இடத்திலேயே மோட்டார் சூடாகும்.

வேகத்தைக் கூட்டக் கூட்ட முகப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது என்பது தனி அறிகுறி. டீகோடர் 14 வேகப் படிகளிலும், கண்ட்ரோலர் 28 அல்லது 128 படிகளிலும் இருக்கின்றன என்று பொருள். சிவி 29-இல் குறுகிய முகவரிக்கு 6, நான்கிலக்க முகவரிக்கு 38 எழுதினால் தீரும். முன்பின் திசை மாறி ஓடினால் அந்த எண்ணோடு 1 கூட்டிக்கொள்ளுங்கள்.

தயங்கித் தயங்கி ஓடுகிறது, பாயிண்டில் நின்றுவிடுகிறது

இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் சந்திக்கும் பழுது இதுதான். ஆகவே இங்கே கொஞ்சம் நிற்போம்.

எஸ்டி40-2 மாடலில் பன்னிரண்டு சக்கரங்கள். நல்ல மாடல்களில் பன்னிரண்டும் மின்சாரம் எடுக்கும். அத்தனை சக்கரம் இருந்தும், ஒரு தடம் இரண்டாகப் பிரியும் பாயிண்டின் நடுவே இரு தண்டவாளங்களும் குறுக்கிடும் சிறு பிளாஸ்டிக் முனையில் என்ஜின் நிற்கிறதென்றால், ஒரு போகி முழுவதுமே மின்சாரம் எடுக்கவில்லை என்று ஊகிக்கலாம். மூன்று அச்சுகளைத் தாங்கிச் சுழலும் சக்கரச் சட்டகத்தைத்தான் போகி என்கிறேன். எது என்று கண்டுபிடிக்க மேலோட்டைக் கழற்ற வேண்டியதில்லை. தண்டவாளத்தின் குறுக்கே ஒரு காகிதத்தைப் போட்டு, அதன்மேல் முன் போகியையும் வெறும் தண்டவாளத்தில் பின் போகியையும் வையுங்கள். ஓடுகிறதா? இப்போது மாற்றி வையுங்கள். ஒரு பக்கத்தில் சக்கரங்கள் சுழன்று மறுபக்கத்தில் சுழலவில்லையென்றால் குற்றவாளி அகப்பட்டான்.

அடுத்து அழுக்கு. சக்கரத்தின் ஓடுதளத்தில் கறுப்புப் படலமாகப் படிந்திருக்கும். அதே காகித உத்தியைத்தான் சுத்தம் செய்யவும் பயன்படுத்த வேண்டும். காகிதத் துவாலையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை லேசாக நனைத்து, ஒரு போகியை அதன்மேல் வைத்து, என்ஜினைக் கையால் பிடித்தபடி மிதமான வேகத்தில் ஓட்டுங்கள். வெளியே இருக்கும் போகி மின்சாரம் எடுக்கும். நனைந்த காகிதத்தில் மறுபோகியின் சக்கரங்கள் சுழன்று தாமே துடைத்துக்கொள்ளும். காகிதத்தில் ஆறு கருங்கோடுகள் விழும். கோடு விழாதவரை இடம் மாற்றி மாற்றிச் செய்து, பிறகு என்ஜினைத் திருப்புங்கள். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும், சக்கரத்தடியில் சிறு பொறிகள் வரும். ஆகவே சொட்டச் சொட்ட நனைக்காதீர்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், புட்டியை மூடித் தள்ளி வையுங்கள்.

உப்புத்தாளாலோ கரடுமுரடான தேய்ப்பானாலோ சக்கரத்தையும் தண்டவாளத்தையும் தேய்க்க வேண்டாம். அன்று பளபளக்கும், ஆனால் ஒவ்வொரு கீறலும் புதிய அழுக்குக்கு இடம் கொடுக்கும். தண்டவாளத்தையும் அதே ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். அதோடு, இழுத்துச் செல்லும் பெட்டிகளின் பிளாஸ்டிக் சக்கரங்களை உலோகச் சக்கரங்களாக மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் சக்கரங்கள் அழுக்கை உங்கள் மாடல் ரயில் தளம் முழுவதும் பரப்பிக்கொண்டே இருக்கும்.

சுத்தம் செய்தும் ஒரு போகி மட்டும் மௌனமாக இருந்தால், என்ஜினைப் பஞ்சுத் தொட்டிலில் கவிழ்த்துப் போட்டு அச்சுகளைப் பாருங்கள். தலைமுடியும் கம்பள நூலும் அச்சில் சுற்றியிருக்கும்; கூரிய இடுக்கியால் எடுங்கள். சக்கரத்தின் உட்புறத்தை உரசி நிற்க வேண்டிய மெல்லிய பித்தளைத் தகடு விலகியிருந்தால் மெதுவாக வளைத்துத் தொட வையுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் மேலோட்டைக் கழற்ற நியாயம் வருகிறது. போகி ஒவ்வொரு வளைவிலும் திரும்புவதால் அதிலிருந்து மேலே போகும் கம்பி, சாலிடர் இட்ட இடத்தில் அசைந்து அசைந்து அறுந்துவிடும். உறைக்குள்ளேயே அறுந்திருந்தால் பார்வைக்குத் தெரியாது; மல்டிமீட்டர் சொல்லும்.

எல்லா என்ஜின்களும் ஒரே இடத்தில் வேகம் குறைகின்றனவா? தண்டவாளங்களை இணைக்கும் தகடு தளர்ந்திருக்கிறது. அந்தத் தகட்டை மின்சாரத்துக்கு நம்பக் கூடாது. மூன்றடிக்கு ஒரு மின்கம்பி கொடுங்கள். டிசிசி அமைப்பில் ஒரு சோதனை உண்டு: தளத்தின் கோடியில் ஒரு நாணயத்தை இரு தண்டவாளங்களின்மேலும் குறுக்காக வையுங்கள். இடைவெளி 16.5 மி.மீ. என்பதால் அதைவிட அகலமான நாணயமாக இருக்கட்டும். கண்ட்ரோலர் உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்கவில்லையென்றால் அந்த இடத்துக்குக் கம்பி போதவில்லை. அந்த நிலையில் அங்கே தடம் புரளும் என்ஜினின் போகி, ஷார்ட்டின் சூட்டில் உருகிப்போகும். புதிய தளம் அமைப்பவர்கள் ஒவ்வொரு மூலையிலும் இதைச் செய்யாமல் ரயில் ஓட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சீரான இடைவெளியில் 'டிக்' ஓசை

பழைய நான்கு அச்சு ஜிபி9 மாடல் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். ஓடும்போது டிக், டிக் என்று ஓர் ஓசை. மோட்டார் பழுது என்று நினைத்து வேறு மோட்டார் வாங்கிப் பொருத்தினேன். கழற்றியதில் ஓட்டுநர் அறைக்குக் கீழிருந்த ஏணிப்படி ஒன்று ஒடிந்தது. ஓசை அப்படியே இருந்தது. அன்றிரவு அதை மிக மெதுவாக ஓட்டி, ஓசை கேட்கும் இடத்தில் எல்லாம் தண்டவாளத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டேன். கோடுகளுக்கு இடையே அளந்தால் 37 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு.

அந்த எண்ணே விடையைச் சொன்னது. இஎம்டியின் இந்த என்ஜின்களில் நிஜச் சக்கரத்தின் விட்டம் 40 அங்குலம். எச்ஓ அளவில் 11.7 மி.மீ., சுற்றளவு ஏறத்தாழ 36.7 மி.மீ. அதாவது சக்கரம் ஒருமுறை சுற்றும்போது ஓசை ஒருமுறை வருகிறது. மோட்டார் அதே நேரத்தில் பலமுறை சுற்றிவிடும். மோட்டாரில் பழுதென்றால் ஓசை நெருக்கமாக வந்திருக்கும். ஆகவே பழுது அச்சில் இருந்தது.

பல மாடல்களில் அச்சு ஒரே கம்பி அல்ல. இடப்புறச் சக்கரமும் வலப்புறச் சக்கரமும் தனித்தனி அரை அச்சுகள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் பற்சக்கரம் இரண்டையும் இறுகப் பிடித்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு மின்சாரம் போகாமலும் காக்கிறது. ஆண்டுகள் போகப் போக அந்த இறுக்கத்தாலேயே பிளாஸ்டிக் விரிசல் விடுகிறது. 1990-களின் மாடல்கள் பலவற்றில் இதைக் காணலாம். ஓடாமல் பெட்டியிலேயே கிடந்த மாடலிலும் வரும். விரிசல் விழுந்த இடத்தில் இரு பற்களுக்கு நடுவே இடைவெளி அகன்றுவிடும். ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்துப் பற்சக்கரம் அந்த இடத்தில் ஏறி இறங்குவதுதான் டிக்.

போகியின் அடித்தட்டு பெரும்பாலும் கொக்கிகளால்தான் மாட்டியிருக்கும். அதை நெம்பினால் அச்சுகள் வெளியே வரும். மேலோட்டைத் தொட வேண்டியதில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒவ்வொரு பற்சக்கரத்தையும் திருப்பிப் பாருங்கள். விரிசல் மயிரிழைபோல, பல்லின் அடிப்பள்ளத்தில் இருக்கும். ஒட்ட முயல வேண்டாம். வழுவழுப்பான அந்தப் பிளாஸ்டிக்கில் பசை நிற்காது. பற்களின் எண்ணிக்கையும் அச்சின் கனமும் பொருந்தும் புதிய பற்சக்கரத்தை வாங்கி மாற்றுங்கள். ஒன்று விரிசல் விட்டிருந்தால் மற்றவையும் அதே வயதுடையவை. மொத்தமாக மாற்றுவதே நல்லது. பொருத்தும்போது சக்கரங்களின் உட்புற இடைவெளி ஏறத்தாழ 14.4 மி.மீ. இருக்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ விற்கும் தகட்டு அளவுகோலில் சக்கரங்கள் பள்ளத்தில் உட்காருகின்றனவா என்று பார்த்தால் அளவு சரியா என்பது தெரிந்துவிடும்.

உறுமல், அரைக்கும் ஓசை

தொடர்ச்சியான உறுமல் வேறு கதை. மோட்டாரிலிருந்து பித்தளைச் சுழற்சக்கரம், இணைப்புத் தண்டு, திருகுப் பல், அதற்கும் கீழே பற்சக்கர வரிசை என்று விசை இறங்குகிறது. பெட்டியில் பல ஆண்டு கிடந்த மாடலில் கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். ஒரே திசையில் மட்டும் உறுமினால் திருகுப் பல்லின் முனைகளில் உள்ள சிறு வளையம் ஒன்று தேய்ந்திருக்கிறது அல்லது விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

இந்தப் பழுதுக்கு மேலோட்டைக் கழற்றாமல் முடியாது. பல மாடல்களில், பெட்டிகளை மாட்டும் கொக்கியான கப்ளர் உட்காரும் சிறு பெட்டியின் திருகுகளே மேலோட்டையும் பிடித்திருக்கும். அவற்றை எடுத்ததும் எரிபொருள் தொட்டிக்கு மேலே பிடித்து மெதுவாக விரித்து எடுக்க வேண்டும், கைப்பிடிக் கம்பிகளைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கழற்றியபின் இரு போகிகளின் மேலுள்ள திருகுப் பல்லையும் எடுத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். அமைதியா? ஒரு போகியை மட்டும் சேர்த்து ஓட்டுங்கள். பிறகு மற்றதை. ஓசை எந்தப் படியில் திரும்புகிறதோ அங்கே பழுது.

பழைய கிரீஸைப் பாத்திரம் துலக்கும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பல்துலக்கியால் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். புதிய மசகு பிளாஸ்டிக்கைக் கெடுக்காத வகையாக இருக்க வேண்டும். லேபெல் நிறுவனத்தின் 108 எண் இலகு எண்ணெய் மோட்டாரின் தாங்கிகளுக்கும், 106 எண் கிரீஸ் பற்களுக்கும் ஏற்றவை. தையல் இயந்திர எண்ணெய் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் சில பிளாஸ்டிக்குகளுக்கு ஆகாது. ஊசிமுனையளவு போதும். அதிகம் விட்டால் சக்கரத்துக்கு வழிந்து, நாம் துடைத்த அழுக்கு மறுபடியும் சேரும்.

தடம் புரள்கிறது

ஆறு அச்சு என்ஜினுக்கு 18 அங்குல ஆர வளைவு நெருக்கமானது. ஓடும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் 24 அங்குலம் இருந்தால்தான் நிம்மதி. நெருக்கமான வளைவில் மட்டும் புரண்டால் என்ஜினைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு குறிப்பிட்ட இணைப்பில் மட்டும் புரண்டால் கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குத் தாழ்த்தி, அந்த இணைப்பு முழங்கைபோல மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கும் புரள்கிறதென்றால் முதலில் சக்கர இடைவெளி. முன்சொன்ன பற்சக்கர விரிசல் இங்கேயும் தலைகாட்டும். பிடி தளர்ந்ததும் சக்கரங்கள் மெல்ல விலகும். டிக் ஓசையும் தடம் புரளலும் ஒரே என்ஜினில் சேர்ந்து வந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

அடுத்து, கண்ணாடித் துண்டு ஒன்றின்மேல் என்ஜினை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். எங்கே தாராளமாக நுழைகிறதோ அந்தச் சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது. நடு அச்சு தாழ்ந்திருந்தால் ஓர அச்சுகள் தூக்கும். அடித்தட்டு ஒரு முனையில் சரியாக மாட்டாமல் இருப்பதே பெரும்பாலும் காரணம்.

பெட்டிகள் தாமாகக் கழல்கின்றன

கப்ளரின் உயரம். கேடீ நிறுவனத்தின் 205 எண் உயர அளவுகோலை வைத்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள். கீழே தொங்கும் வளைந்த கம்பி பாயிண்டில் இடித்தால் இடுக்கியால் கொஞ்சம் மேலே வளைத்தால் போதும். கப்ளர் தானாக நடுவுக்குத் திரும்பவில்லையென்றால் எண்ணெய் விடாதீர்கள். உலர்ந்த கிராஃபைட் தூள் தூவுங்கள்.

டீகோடர் பொருத்தியபின் ஷார்ட்

பழைய மாடல்களில் மோட்டாரின் ஒரு முனை உலோகச் சட்டத்தையே தொட்டுக்கொண்டிருக்கும். அந்த நிலையில் டீகோடர் பொருத்தினால் முதல் நொடியிலேயே அது போய்விடும். ஆகவே பொருத்துவதற்கு முன்பே மோட்டாரின் இரு முனைகளுக்கும் சட்டத்துக்கும் இடையே தொடர்பே இல்லை என்று மல்டிமீட்டரில் உறுதி செய்யுங்கள். தொடர்பு இருந்தால் கேப்டன் (Kapton) என்ற மின்காப்பு நாடாவால் மூடுங்கள்.

கம்பிகளின் நிறம் எல்லா டீகோடர்களிலும் பொது: சிவப்பு வலத் தண்டவாளம், கறுப்பு இடத் தண்டவாளம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்கான பொது நேர்முனை. எல்இடி என்றால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 1,000 ஓம் மின்தடை வேண்டும், பழைய 1.5 வோல்ட் பல்பை நேரடியாக இணைத்தால் ஒருமுறை மின்னிவிட்டுப் போய்விடும். முதல் ஓட்டத்தை எப்போதும் புரோகிராமிங் தண்டவாளத்தில் செய்யுங்கள். அங்கே மின்னோட்டம் குறைவு; தவறிருந்தாலும் டீகோடர் பிழைத்துக்கொள்ளும்.

கைப்பிடிக் கம்பி ஒடிந்துவிட்டது

வளையும் தன்மையுள்ள பிளாஸ்டிக் கம்பியில் சாதாரணப் பசை ஒட்டாது. முறிந்தது தாங்குகால் என்றால் அதன் அடியில் ஊசியால் துளையிட்டு, 0.3 மி.மீ. பித்தளைக் கம்பியைச் செருகி நிறுத்துங்கள். உடனடிப் பசையை ஓட்டுநர் அறைக்கு அருகில் பயன்படுத்த வேண்டாம். அதன் ஆவி சன்னல் கண்ணாடியை வெண்மையாக்கிவிடும். அங்கே நீரில் கரையும், உலர்ந்தால் தெளிவாகும் பசை ஏற்றது. பற்றிக்கொள்ள ஓர் இரவு கொடுங்கள். மறுநாள் மேலோட்டை மாட்டும்போது போகிக் கம்பிகள் மேலோட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே நசுங்கவில்லை என்று இருபுறமும் குனிந்து பார்த்துவிட்டு, கப்ளர் பெட்டியின் திருகுகளைக் கப்ளர் தாராளமாக அசையும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள்.